கத்திரி வெயிலில் சௌனா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் தெருவில் உள்ள உடற்பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சௌனா அறை (சூடேற்றிய வறண்ட காற்றில் அமர்ந்து வியர்ப்பதற்கான அறை) அமைத்திருக்கிறார்கள். "அடிக்கிற வெயிலில் சும்மா வியர்ப்பது போதாதென்று காசு கொடுத்து வேறு வியர்க்க வேண்டுமா?" என்று அப்பச்சி கேலி செய்கிறார். கோடையில் சௌனா உடம்புக்கு ஆகுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: தங்கள் அப்பச்சியின் கேலியில் நியாயம் இருக்கிறது. சௌனாவின் தாயகமான பின்லாந்தில் கோடையிலும் அதை நிறுத்துவதில்லை என்பது உண்மைதான். ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் வரும் நடுக்கோடைத் திருநாளில் ஏரிக்கரை மரவீடுகளில் குடும்பத்தோடு சௌனாவில் அமர்வதும், இலையோடு கூடிய பிர்ச் மரக்கொத்தால் உடம்பைத் தட்டிக்கொள்வதும் அங்கே வழக்கம். ஆனால் அந்நாட்டின் கோடைப்பகல் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும் என்பதால், 80 அல்லது 90 டிகிரிச் சூட்டிலிருந்து வெளியே வருபவருக்குக் குளிர்ந்த காற்றும் ஏரித்தண்ணீரும் உடனே கிடைத்துவிடுகின்றன. கத்திரி நாளில் காரைக்குடியில் நண்பகலில் வெளியே வருபவருக்கோ 40 டிகிரியை நெருங்கும் வெயிலும், மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்து கிடக்கும் தண்ணீருமே வாய்க்கும். ஆகவே நம் ஊரில் முதலில் யோசிக்க வேண்டியது, வெளியே வந்தபின் உடம்பை எங்கே, எதைக்கொண்டு தணிப்பது என்பதே.

இதன் காரணத்தைச் சற்று விளக்குகிறேன். சௌனாவின் காற்று மிக வறண்டது. அதனால்தான் சுரக்கும் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி, அத்தனை சூட்டையும் தாங்க முடிகிறது. (நீராவிக் குளியலறையில் சூடு 45 டிகிரி அளவே என்றாலும், ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாக வழியில்லை, எனவே அது எளிது என்று எண்ணிவிட வேண்டாம்.) கால் மணி நேரத்தில் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி உயரலாம், விரைந்து நடக்கும்போது துடிப்பதைப்போல இதயமும் நிமிடத்திற்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும். ஏறிய இந்த வெப்பம், வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் தானாகவே இறங்கும். தோலின் வெப்பமோ ஏறத்தாழ 35 டிகிரிதான். வெளிக்காற்று அதைத் தாண்டிவிட்டால், உடம்பு வெப்பத்தை இழப்பதற்குப் பதிலாக வாங்கிக்கொள்ளத் தொடங்குகிறது. அறையை விட்டு வந்த பிறகும் இதயத்தின் வேலை குறையாமல் நீடிப்பது இதனால்தான்.

எனவே, போகத்தான் வேண்டுமென்றால் விடியற்காலையில் போங்கள். குளிர்நாடுகளில் இரண்டு, மூன்று தடவை உள்ளே சென்று வருவார்கள். இங்கே பத்து நிமிடத்திற்கு மிகாமல் ஒரு தடவை போதும். பிறகு மின்விசிறிக் காற்றிலோ குளிரூட்டிய அறையிலோ இருபது நிமிடமாவது அமர்ந்து, கிணற்று நீரிலோ, முதல்நாள் இரவே நிழலில் பிடித்து வைத்த நீரிலோ குளியுங்கள். வியர்வை அடங்குவதற்குள் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்காதீர்கள். உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் இழப்பு என்பது விளங்கும். அதை உப்பிட்ட நீர்மோராகவும் தண்ணீராகவும் திரும்பக் குடித்துவிட வேண்டும். கொழுப்பு கரைந்துவிட்டதாக மகிழ வேண்டியதில்லை. வியர்வை வழியே உடம்பின் நச்செல்லாம் போய்விடும் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். வியர்வை என்பது நீரும் உப்புமே. கழிவை நீக்கும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன.

பயனே இல்லையா என்றால், இருக்கிறது. பின்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி சௌனாவுக்குச் சென்றவர்களிடம் இதயநோய் மரணம் குறைவாகக் காணப்பட்டது. அதற்குச் சௌனாதான் காரணம் என்று அந்த ஆய்வைக்கொண்டு அறுதியிட முடியாது. வெயிலுக்கு உடம்பைப் பழக்கவும் விளையாட்டு வீரர்கள் சௌனாவைப் பயன்படுத்துகிறார்கள்; ஆனால் அப்பழக்கம் இரண்டு வாரத்தில் கைவருவது என்பதால், குளிரூட்டி இல்லாமல் பங்குனி முழுவதையும் கழித்த காரைக்குடிக்காரருக்கு அது ஏற்கெனவே வந்திருக்கும். என்னைக் கேட்டால், சித்திரை, வைகாசியில் விட்டுவிட்டு மார்கழியில் போவதே மேல்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. இன்சுலின் போட்டுக்கொள்கிறார், இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்டு. குளிர்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகன் அவரைச் சௌனாவுக்கு அழைக்கிறான். அனுப்பலாமா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: மருத்துவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள், அம்மா. சூட்டில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால், ஊசியில் ஏற்றிய இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாக உடம்பில் சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடும். சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகளான வியர்வையும் படபடப்பும் சௌனாவில் எல்லோருக்கும் வருபவை என்பதால், ஆபத்து தெரியாமலே போகலாம். அழுத்தத்திற்கான மாத்திரை நீர் பிரியச் செய்யும் வகையாக இருந்தால், எழுந்து நிற்கும்போது மயக்கம் வரலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்த்துவிட வேண்டும். மது அருந்தியவர் அந்த அறையின் பக்கமே போகக் கூடாது. குளிர்நாட்டிலிருந்து வந்த மகனின் உடம்பும் நம் வெயிலுக்கு இன்னும் பழகியிருக்காது என்பதை அவரிடம் சொல்லுங்கள். போட்டி போட்டுக்கொண்டு உட்காருவதும் வேண்டாம். 2010-இல் பின்லாந்தின் ஹெய்னோலாவில் நடந்த உலக சௌனாப் போட்டியில், 110 டிகிரிச் சூட்டில் இறுதிச் சுற்றில் அமர்ந்த ஒருவர் உயிரிழந்தார்.

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டின் பின்கட்டில் ஓர் அறையைச் சௌனாவாக மாற்றலாமா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: வீட்டுக்குள் வேண்டாம். சிறிய சௌனாவின் அடுப்பே 6 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அத்தனை வெப்பமும் கடைசியில் வீட்டுக்குள்தான் இறங்கும். தடித்த சுவரும் திறந்த முற்றமும் வைத்து வெயிலைத் தணித்துக் கட்டிய வீட்டில் அதைச் செய்வது வீண் வேலை. தோட்டத்தில், கிணற்றுக்குப் பக்கமாகத் தனியே கட்டுங்கள். உட்காரும் பலகைக்கு வார்னிஷ் பூச வேண்டாம். ஆணித்தலை வெளியே தெரிந்தால் தோலைச் சுட்டுவிடும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் வைக்கக் கூடாது.