12 ஜிபி ஆண்ட்ராய்டா, பழைய ஐபோனா?

கேள்வி: எட்டு வருடமாக ஆண்ட்ராய்டுதான். இப்போது என் பட்ஜெட் 25,000 ரூபாய். அதற்குள் 12 ஜிபி ரேம், 108 மெகாபிக்சல் கேமராவோடு புது ஆண்ட்ராய்டு கிடைக்கிறது. கடைக்காரரோ, "4 ஜிபி இருந்தாலும் செகண்ட் ஹேண்ட் ஐபோன் 12தான் ஸ்மூத்" என்கிறார். யாரை நம்ப?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. ஐபோனில் சிப்பை வடிவமைப்பதும் மென்பொருளை எழுதுவதும் ஒரே கம்பெனி. திரையில் இல்லாத ஆப்களைச் சீக்கிரம் உறங்க வைத்துவிடுவதால் 4 ஜிபியிலேயே சமாளிக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்த 12 ஜிபி நிஜ ரேமா, அதாவது ஆப்கள் ஓடுவதற்கென்றே உள்ள தற்காலிக நினைவகமா என்று கேளுங்கள். சிலர் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய 6 ஜிபியையும் சேர்த்து 12 என்று விளம்பரம் செய்கிறார்கள். 108 மெகாபிக்சலும் வழக்கமாக ஒன்பது ஒன்பது பிக்சலாகச் சேர்ந்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கும்.

நீங்கள் கேட்காத கேள்விதான் முக்கியம்: பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும்? ஐபோன் 12 வந்தது 2020இல், அதன் ஆயுளில் பெரும்பகுதி போய்விட்டது. புது ஆண்ட்ராய்டில் இது மாடலுக்கு மாடல் மாறும். ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டச் சொல்லும் அரசுக்கு, போன் பெட்டியில் இந்த ஒரு எண்ணை அச்சிடச் சொல்ல ஏனோ தோன்றவில்லை!

அப்புறம் அந்த செகண்ட் ஹேண்ட் விவகாரம். பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி (ஐபோனைத் தன் பெயரில் பதிய வைக்கும் கணக்கு) உள்ளேயே இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள். "அப்படியே யூஸ் பண்ணுங்க சார்" என்பார்கள். அந்த ஐடி யாரிடம் இருக்கிறதோ, அவர் நினைத்த நேரத்தில் போனைப் பூட்டலாம். "அன்லாக் செய்து தருகிறோம்" என்று பணம் கேட்கும் தரகர் பக்கமே போகாதீர்கள். உங்கள் கண்முன்னே ரீசெட் செய்து, வைஃபை போட்டு, முகப்புத் திரை வரை வரச் சொல்லுங்கள்.

ஐடியை நீக்கினாலும் சிக்கல் தீராத ஒரு வகை உண்டு: கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்த போன்கள். ஐடி பூட்டு இருக்காது, எல்லாம் சரியாகத் தெரியும். ரீசெட் செய்து இணையத்தில் இணைத்த பிறகுதான் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற திரை எட்டிப்பார்க்கும்; போன் இன்னும் அந்தக் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதை நீக்க அந்தக் கம்பெனியால்தான் முடியும், கடைக்காரரால் முடியாது. ரீசெட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போனால் பேட்டரியும் டிஸ்பிளேவும் மாற்றப்பட்டிருந்தால் தெரியும். *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்தான் போனின் அடையாள எண். KYM என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து அரசின் 14422 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் காட்டிவிடும். ஜிஎஸ்டி பில் தர மறுத்தால் அடுத்த கடை.

உங்கள் பட்ஜெட்டில் நான் வாங்குவதானால் நிஜமான 8 ஜிபி உள்ள புது ஆண்ட்ராய்டுதான். விற்பவர் தெரிந்தவர், பில்லும் இருக்கிறது என்றால் மட்டும் ஐபோன். அப்படி மாறினால் வாட்ஸ்அப் உரையாடல்களை முதல் செட்டப்பின்போதே மாற்றிவிடுங்கள். அதுவரை பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.