டோட்டன்போரியில் சைவம் கிடைக்குமா? கிடைத்தது என்றுதான் ஓர் அண்ணன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்

கேள்வி: அடுத்த மாதம் அலுவலக வேலையாக ஒசாகா போகிறேன். சுத்த சைவம், குடிக்கவும் மாட்டேன். அங்கே சாப்பாட்டுக்கும் கேளிக்கைக்கும் பேர்போன டோட்டன்போரி கடைத்தெருவுக்கு ஒரு மாலை ஒதுக்கலாமா, இல்லை நேரம் வீணா?

ஒதுக்குங்கள், வீண் இல்லை. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் "சுத்த சைவம்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது எனக்குள் ஆறு வருஷமாகக் கிடக்கிற ஒன்றைக் கிளறிவிட்டது, அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மீன் தின்று வளர்ந்தவன், ஊர் தூத்துக்குடிப் பக்கம். சைவக்காரர்களைக் கிண்டல் செய்ய வந்திருக்கிறான் என்றோ, ஜப்பான்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புலம்ப வந்திருக்கிறான் என்றோ கருத்துப் பகுதியில் ஆரம்பித்துவிடாதீர்கள். அன்றைக்கு ஏமாற்றியது ஜப்பான்காரர் இல்லை, நான்தான்.

2019 நவம்பர். கோவையில் நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு ஜப்பான் மெஷின் வாங்கியது. அதை ஓட்டிப் பழகிவிட்டு வரச் சொல்லி என்னையும் மெயின்டனன்ஸில் இருந்த ஓர் அண்ணனையும் இரண்டு வாரம் ஒசாகாவுக்கு அனுப்பினார்கள். அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஈரோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம், அவர் வீட்டு வாசற்படியைக் கவுச்சி தாண்டினதில்லை. முட்டை மட்டும், டாக்டர் சொன்னார் என்று, மனசில்லாமல் சாப்பிடுவார். (நீங்கள் முட்டையும் தொடமாட்டீர்கள் என்றால் கீழே நான் சொல்வதில் பாதி உங்களுக்கு ஆகாது.) முதல் நாலு நாள் அவர் சாப்பிட்டது மைக்ரோவேவில் சூடாக்குகிற சோற்றுப் பொட்டலம், ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடி, சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய், அப்புறம் வாழைப்பழம். முகம் சுண்டிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் வற்புறுத்தி, மிதோசுஜி லைன் ரயிலில் ஏற்றி நம்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து டோட்டன்போரி நடக்கிற தூரம்தான்.

எபிசு பாலத்தில் ஏறியதும் அந்த ஓடுகிற மனிதன் விளம்பரம். கிளிகோ என்கிற மிட்டாய்க் கம்பெனியுடையது. 1935இல் முதலில் வைத்தார்கள், இப்போது இருப்பது ஆறாவது, 2014இல் எல்இடியாக மாற்றியது. ஒரு மிட்டாய் தின்றால் 300 மீட்டர் ஓடலாம் என்பது அந்தக் காலத்து விளம்பர வாசகம். பாலத்தில் நிற்கிற அத்தனை பேரும் இரண்டு கையையும் ஒரு காலையும் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணன் மாட்டேன் என்பார் என்று நினைத்தேன், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காலைத் தூக்கினார். அந்தப் படம்தான் இன்றைக்கும் அவருடைய வாட்ஸ்அப் படம்.

கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இது ஆறுங்களா, வாய்க்காலுங்களா தம்பி?" என்றார். வாய்க்கால்தான். 1612இல் டோட்டன் என்கிற ஆள் வெட்ட ஆரம்பித்தார், ஒசாகா கோட்டைப் போரில் 1615இல் செத்துப்போனார், அதே வருஷம் சொந்தக்காரர்கள் வெட்டி முடித்தார்கள், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். போரி என்றால் வாய்க்கால். இதைச் சொன்னதும் அண்ணன், "அட, நம்ம காலிங்கராயன் வாய்க்கால் மாதிரி" என்று கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் கரையோரமாகக் கபுகி நாடகமும் பொம்மலாட்டமும் நடக்கிற அரங்குகள் வந்தன, கூத்துப் பார்க்க வந்த கூட்டத்துக்குத் தின்ன ஏதாவது வேண்டுமே என்று கடைகள் வந்தன, கூத்து குறைந்து கடை நிலைத்துவிட்டது. தின்றே சொத்தை அழிக்கிறவர்கள் என்று ஒசாகாக்காரர்களுக்கு ஒரு பெயர் உண்டு, அதற்கு "குயிதாவோரே" என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறார்கள்.

பாலத்தடியில் காலை ஆட்டுகிற ராட்சத நண்டு, அந்தப் பக்கம் மத்தளம் தட்டுகிற கோமாளி பொம்மை, இதெல்லாம் வீடியோவில் ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். வீடியோவில் வராதது வாசனை. கடைத்தெருவில் திரும்பியதும் என் மூக்கில் அடித்தது மாசி. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகும்வரை காயவைப்பதுதான் மாசி, காயல்பட்டினத்தில் அது இல்லாத வீடு கிடையாது. ஜப்பான்காரர்கள் அதே சூரையைக் கிட்டத்தட்ட அதே மாதிரி செய்து, மரம் இழைக்கிற மாதிரி சீவி, கட்சுவோபுஷி என்கிறார்கள். சூடான பண்டத்தின்மேல் தூவினால் அந்தச் சீவல் உயிர் இருக்கிற மாதிரி நெளியும். அதையும் கடற்பாசியையும் வெந்நீரில் போட்டு இறக்குகிற சாறுதான் தாஷி. நாம் எதற்கெடுத்தாலும் கறிவேப்பிலை தாளிக்கிற மாதிரி அவர்கள் எதற்கெடுத்தாலும் தாஷி. என் மூக்குக்கு அம்மாவின் அடுக்களை ஞாபகம் வந்தது. அண்ணன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார்.

தகோயாகி கடை முன்னால்தான் அவருக்கு உற்சாகம் வந்தது. "தம்பி, பணியாரமுங்க!" குழிப்பணியாரக் கல்லேதான், நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிசு. ஒரு பெண் இரண்டு கையிலும் ஊசி வைத்துக்கொண்டு கண்மூடித் திறப்பதற்குள் வரிசையாகத் திருப்பிப் போடுகிறாள். மெயின்டனன்ஸ் ஆள் இல்லையா, கல்லுக்குக் கீழே பர்னர் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தார். அப்போதுதான் குழிக்குள் போட வைத்திருந்த ஆக்டோபஸ் துண்டு கண்ணில் பட்டது. ஒன்றும் சொல்லாமல் நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் ஆறு உருண்டை வாங்கி, உள்ளே கொதிக்கும் என்று தெரியாமல் முழுசாக வாயில் போட்டு மேலண்ணம் வெந்துபோனேன்.

மணி ஒன்பது ஆகிவிட்டது. குளிர் வேறு. ஒகோனோமியாகி கடை ஒன்றில் கூட்டம் குறைவாக இருந்தது, போய் உட்கார்ந்தோம். முட்டைக்கோஸை நறுக்கி மாவில் கலந்து மேசையிலேயே பதித்திருக்கிற கல்லில் ஊற்றுகிற பண்டம், ஊத்தப்பத்துக்குத் தூரத்து உறவு. சமையல்காரர் என் வயசுக்காரர்தான். கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஃபோனில் ஜப்பானிய மொழியில் காட்டினேன். அவர் பொறுமையாகப் பன்றிக்கறியைக் காட்டி வேண்டாமா என்றார், இறாலைக் காட்டி வேண்டாமா என்றார், மாசிச் சீவல் டப்பாவைக் காட்டி வேண்டாமா என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். கடைசியில் மாவுக் கிண்ணத்தைத் தொட்டு, "தாஷி" என்று சொல்லி, பல்லிடுக்கில் காற்றை இழுத்துத் தலையைச் சாய்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிய ஃபோன்கூட வேண்டாம், கிண்ணம் மூக்குக்கு அரை அடியில் இருந்தது.

"என்னங் தம்பி சொல்றாரு?" என்றார் அண்ணன்.

"மாவுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குமாம்ணா."

"உப்புதானுங்களே, பரவால்லீங்."

நான் சமையல்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் என்னை ஒரு தடவை, அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டு மாவை ஊற்றினார். கல்லில் பட்டதும் சுர்ரென்று வந்த சத்தத்துக்கே அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. சின்னத் தோசைத்திருப்பியால் வெட்டி வெட்டி முழுசையும் சாப்பிட்டார். "அஞ்சு நாள்ல இன்னிக்குத்தானுங் தம்பி வாய்க்கு ருசியா ஒண்ணு." மேலே தடவிய சாஸிலும் என்னவெல்லாம் இருந்ததோ. அந்த மாதிரி சாஸ்கள் பலவற்றில் இறைச்சிச் சாறும் சிப்பிச் சாறும் சேர்ப்பது உண்டு என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

பசியோடு இருக்கிற பெரிய மனுஷர், பாவம் என்று செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் எழுந்திருப்பார், நானும் எழுந்து அவரோடு அறைக்குத் திரும்பிப் பருப்புப்பொடி சாப்பிட வேண்டியிருக்கும். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க ஆசையாக இருந்தது. "தெரியாமல் சாப்பிட்டால் தோஷமில்லை" என்று யாராவது வருவீர்கள். சாப்பிட்டவருக்குத் தெரியாது, சரி. ஊட்டியவனுக்குத் தெரியுமே.

அங்கிருந்து பின்பக்கச் சந்தில் நுழைந்தால் ஹோசென்ஜி கோயில். கேளிக்கைத் தெருவுக்கு ஒரு நிமிஷத்தில் இப்படி ஓர் அமைதியா என்று இருக்கும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி, சிலை முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்து முகமே தெரியாது. அண்ணன் நம்மூர் அபிஷேகம் மாதிரி மூன்று தரம் ஊற்றிவிட்டுக் கும்பிட்டார். வயிறும் மனசும் நிறைஞ்சுதுங் தம்பி என்றார். நானும் ஊற்றினேன், நிறைய.

இதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். ஊருக்கு வந்ததும் பில் விவகாரம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் அலுவலக வேலையாகப் போகிறவர் நீங்கள், தெரிந்துகொள்ளுங்கள். பில்லெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றது எங்கள் அக்கவுன்ட்ஸ். எழுதிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து, அந்தக் கடை விலாசத்தை எவனோ இணையத்தில் தேடி, "இரவுக் கேளிக்கைப் பகுதி" என்று வந்ததாம், சொந்தக் கேளிக்கைச் செலவு என்று போட்டுத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வாழ்நாளில் பீர் பாட்டிலைத் தொடாத மனுஷரை, இருபத்தைந்து வயசுப் பையன் ஒருத்தன் பத்துப் பேர் முன்னால், "என்னண்ணே, கேளிக்கை பலமா?" என்கிறான். அண்ணன் முகம் சிவந்து, "சைவத் தோசை திங்கத்தானுங் போனோம், வேணும்னா தம்பியைக் கேளுங்க" என்று என்னைக் கைகாட்டினார். சைவம்தான் என்று நானும் சொன்னேன். இரண்டாவது பொய். இரண்டு பேருக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் யென், இன்றுவரை வரவில்லை. நீங்கள் போகும் முன்னால் தினப்படி மொத்தமாகத் தருவார்களா, பில் கேட்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் விஷயம். "கறி, மீன் இல்லாமல்" என்று கேட்டால் மேலே போடுகிறதை எடுத்துவிடுவார்கள், மாவில் கலந்த தாஷியை எடுக்க முடியாது. அதனால் தகோயாகியில் ஆக்டோபஸுக்குப் பதில் சீஸ் வைத்துத் தந்தாலும் அதே கதைதான். உடோன் நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாமே பெரும்பாலும் அப்படித்தான். குச்சியில் குத்திப் பொரிக்கிற குஷிகட்சுவில் தாமரைத்தண்டு, வெங்காயம், சர்க்கரைவள்ளி எல்லாம் உண்டு, ஆனால் எண்ணெய்ச் சட்டி ஒன்றே, முந்தின நிமிஷம் அதில் மாட்டுக்கறி வெந்திருக்கும். தைரியமாகச் சாப்பிட வறுத்த கஷ்கொட்டை விற்பார்கள், அருமையாக இருக்கும். குச்சியில் செருகிச் சர்க்கரைப்பாகில் முக்கிய ஸ்ட்ராபெரி உண்டு. பத்து யென் நாணயம் மாதிரி ஒரு சீஸ் ரொட்டி இப்போது பிரபலம், நான் போனபோது இல்லை, மாவில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு நிறைய வேண்டுமென்றால் நம்பா, ஷின்சாய்பாஷி பக்கம் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. வெட்கப்படாமல் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து வேடிக்கை பாருங்கள். ஜப்பான் போயும் பருப்பா என்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

குடிக்காதது ஒரு பிரச்சினையே இல்லை, ஊலாங் டீ சொல்லுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் குடிக்கிற கடையில் உட்கார்ந்தாலே கேட்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும். அது இனாம் இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம், அதிலும் மீனோ தாஷியோ இருக்கலாம். தெருமுனையில் ஆங்கிலத்தில் கூப்பிட்டு மாடிக்கு அழைத்துப் போகிறேன் என்கிறவன் பின்னால் மட்டும் போகாதீர்கள். குப்பைத்தொட்டி அதிகம் கண்ணில் படாது, பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும்.

அண்ணன் இப்போது ரிட்டயர்டு. போன வாரம் கூப்பிட்டார். மகளும் மாப்பிள்ளையும் பேரனும் ஏப்ரலில் ஜப்பான் போகிறார்களாம், மாப்பிள்ளை வீடும் சுத்த சைவமாம். "அந்த சைவத் தோசைக் கடை லொகேஷனை அனுப்பி வைங்க தம்பி, அவங்களுக்காச்சும் அலையாம கிடைக்கட்டும்." தேடி அனுப்புகிறேன் என்றேன். தேட என்ன இருக்கிறது, கடை அங்கேயேதான் இருக்கிறது, மேப்பில் பார்த்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது, 40 விநாடி. இன்னும் கேட்கவில்லை.