43 சிரிப்புக் கதைகளும் எழுதாத ஒன்றும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

அப்பா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு 16 பக்கத்தில் ஒரு நினைவு மலர் போட ஆசைப்பட்டேன். அதை வைத்துத்தான் எனக்கும் அண்ணனுக்கும் இப்போது பேச்சே இல்லை.

அப்பா சாத்தூரில் 38 வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர்களைவிட அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள்தான் அதிகம். மணிக்கு ஒரு ரூபாய் வாடகைக்கு சைக்கிள் விட்ட காலத்தில், ஒருவர் ஒரு மணி நேரம் என்று சொல்லி எடுத்துப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினார். பெண் பார்க்கப் போனாராம், பேசி முடித்துவிட்டார்களாம். 72 ரூபாயை நீட்டியவரிடம் அப்பா, "நீ பொண்ணைப் பாத்தது ஒரு மணி நேரம். மிச்சம் 71 மணி நேரம் அவங்கல்ல உன்னைப் பாத்திருக்காங்க? அதுக்கு நான் எப்படி வாடகை வாங்குறது?" என்று ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் இதைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன், "இது என்ன பட்டிமன்றமா?" என்றார். அத்தை, "பொம்பளப் பிள்ளை, சிரிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். சிரிக்கிறவளுக்கு வருத்தம் இருக்காதா?

அதன் பிறகு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் அப்பாவின் ஒரு பேச்சைப் போட ஆரம்பித்தேன். முன் சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி 32, பின் சக்கரத்துக்கு 40 என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். "பின்னாலதான் பாரம் ஜாஸ்தி தாயி. நம்ம வீட்டுல உங்கம்மா பின்சக்கரம், நான் முன்னால சும்மா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போறவன்" என்பார். அதைப் போட்ட அன்று அண்ணன் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார். இதில் என்ன தப்பு?

அவருக்கு வேண்டியது பேப்பரில் ஒரு போட்டோ, தோற்றம், மறைவு, நாலு வரிக் கவிதை, கீழே "கண்ணீருடன்" என்று எங்கள் பெயர்கள். அப்பா என்றைக்கு அப்படி இருந்தார்? பஞ்சர் ஒட்டும்போதுகூட அவர் வாய் ஓயாது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதற்கு ஒரு கிண்டல், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒன்று, சொல்யூஷன் காயும்வரை ஒன்று. டயருக்குள் விரலை விட்டு முள்ளைத் தேடும்போது மட்டும் பேச மாட்டார்.

மலருக்காக 43 கதை எழுதிவிட்டேன். (இன்னொன்றும் உண்டு, அதை எழுதவில்லை. அன்று ராத்திரி 9 மணிக்கு அப்பா போன் செய்து, "நெஞ்சுக்குள்ள யாரோ காத்து அடிச்ச மாதிரி திம்முன்னு இருக்கு தாயி" என்றார். "வால்டியூபைக் கழட்டி விடுங்கப்பா" என்றேன், சைக்கிளில் காற்றை இறக்க அதைத்தான் கழற்றுவோம். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாராம். விடியக்காலம் 4 மணிக்கு அண்ணன் போன் செய்தார். அதிலிருந்து போன் மணி அடித்தாலே நடுக்கம், தூக்கமும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை 14 வருஷமாக இருந்தது. அது கிடக்கட்டும்.) இந்த 43-ல் ஒன்றைக்கூட அண்ணன் படிக்க மாட்டேன் என்கிறார். அம்மாவும் "உங்க ரெண்டு பேர் இஷ்டம்" என்று நழுவுகிறார். அப்பாவைச் சிரித்தபடி நினைப்பது பாவமா? அண்ணனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

– ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனைப் பற்றி, அத்தையைப் பற்றி, மலரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். நடுவில் அடைப்புக்குறிக்குள் சில வரிகள். முடிவில் "அது கிடக்கட்டும்". அதைக் கிடக்க விட எனக்கு மனமில்லை. மலர் பிறகு இருக்கட்டும்.

"வால்டியூபைக் கழட்டி விடுங்கப்பா." இந்தச் சொல்லை ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். 43 கதைகளும் இந்த ஒன்றுக்காகத்தான் எழுதப்பட்டன என்று எனக்குப் படுகிறது. எங்கள் அப்பா எப்போதும் இப்படித்தான் பேசுவார், எதைச் சொன்னாலும் கேலியாகத்தான் சொல்வார், ஆகவே அன்று நான் சிரித்ததில் குற்றமில்லை என்று ஊரையே சாட்சிக்கு அழைக்கிறீர்கள். அண்ணன் ஒரு கதையைப் படிக்க மறுக்கும்போது ஒரு சாட்சி கலைந்துபோகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

"உங்கள்மேல் தப்பே இல்லை" என்று நான் எழுதினால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவீர்கள். நடந்ததை அப்படியே பார்ப்போம். சர்க்கரை பல வருஷம் இருக்கும்போது நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு கையை நெஞ்சில் வைத்துச் சாய்கிற வலியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. இறுக்கம், ஏப்பம், நெஞ்செரிச்சல், வியர்வை, காரணமில்லாத அசதி என்றும் வரலாம். சிலருக்கு வலியே இருக்காது. வாய்வு என்று நினைப்பது பக்கத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, முதலில் அப்படி நினைப்பவர் நோயாளியேதான். (இனி வீட்டில் யாருக்கு நெஞ்சு இறுக்கம் என்றாலும் ஓமத்தண்ணிக்கு முன்னால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த ராத்திரி உங்கள் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.) உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. அந்தக் கேள்வி உங்களோடு இருக்கும். அதோடு வாழப் பழகலாம். அதை ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்வதுதான் உங்களைக் கெடுக்கிறது.

அந்தப் போனில் நீங்கள் பார்க்கத் தவறியது இன்னொன்று இருக்கிறது. நெஞ்சு திம்மென்று இருந்த நேரத்தில் அவர் தேடியது உங்களை. தனக்கு வந்த உபாதையை ஒரு சைக்கிள் கடைக்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார், அதே கடைப் பேச்சில் பதில் சொல்ல அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அன்று உங்களிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அலட்சியம் இல்லை. 38 வருஷக் கடைப் பேச்சு அவருக்கே திரும்பக் கிடைத்தது. அதைக் கேட்டுத்தான் அவர் சிரித்தார்.

இனி சொல்வது உங்களுக்குக் கசக்கும். அண்ணன் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. பதினாறாம் நாள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து பேசினீர்கள். விடிந்ததும் அப்பா பேச்சோடு போனைத் திறக்க எல்லாருக்கும் தெம்பு இருக்கும் என்று நினைத்தீர்கள். 4 மணிக்கு உங்களுக்குப் போன் செய்தவர் அண்ணன். அப்படியானால் அந்த வீட்டில் அந்த நேரத்தில் எதையெல்லாம் பார்த்தவர் அவர் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவருக்கு அப்பா என்றதும் கடை ஞாபகம் வருவதற்கு முன்னால் அந்த விடியற்காலை வந்து நிற்கலாம். அழுதால்தான் பாசம் என்று நினைப்பது அவருடைய தவறு, அதில் உங்களோடு உடன்படுகிறேன். சிரித்தால்தான் அப்பாவைத் தெரிந்தவர் என்று நினைப்பது உங்கள் தவறு.

அம்மாவை யோசியுங்கள். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தவர் அவர். நீங்கள் போனில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக ஒரு வருஷம் தூக்கத்தைத் தொலைத்திருந்தால், பக்கத்தில் இருந்து ஓமத்தைக் கொதிக்க வைத்தவர் எதைத் தொலைத்திருப்பார்? கதையைக் கேட்டு அவர் எழுந்து போனது கதை பிடிக்காமல் என்று முடிவு கட்டாதீர்கள். பின்சக்கரத்தில்தான் பாரம் ஜாஸ்தி என்று உங்கள் அப்பாவே சொல்லியிருக்கிறார்.

பஞ்சர் ஒட்டும் வேலையை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் தெருமுனை தாண்டுவதற்குள் அதே இடத்தில் மறுபடி இறங்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேசாமல் தேடினால்தான் முள் விரலுக்குத் தட்டுப்படும். அப்பா வாயை மூடிக்கொண்ட அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நீங்கள் மூவரும் இன்னும் செய்யவில்லை.

ஆகவே முதல் வேலை மலர் இல்லை. சாத்தூருக்கு நேரில் போங்கள். இதைப் போனில் பேச வேண்டாம், போன் உங்களுக்கு ஏற்கெனவே பயம். அண்ணனும் அத்தையும் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து, அடுப்படியிலோ திண்ணையிலோ அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 9 மணிப் பேச்சை அப்பா சொன்ன சொல், நீங்கள் சொன்ன சொல் மாறாமல் சொல்லுங்கள். "நீ ஏம்மா ஓமத்தண்ணி குடுத்த?" என்ற கேள்வி மட்டும் எந்த வடிவத்திலும் வரக்கூடாது. சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். அம்மா அழலாம், திட்டலாம், எழுந்து போகலாம். எழுந்து போனால் கூடவே போங்கள், போன தடவை அதைத்தான் செய்யவில்லை. அண்ணனிடம் மறுநாள் சொல்லலாம். அவரிடம் சொல்லும்போது புரிய வைக்கப் பார்க்காதீர்கள், விடியக்காலம் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒரு வருஷமாக அவரிடம் அதை நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

தூக்கமின்மையோ போன் மணிக்கு நடுக்கமோ இதற்குப் பிறகும் குறையவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மலருக்கு 43 கதை அதிகம். 16 பக்கத்துக்கு ஆறோ ஏழோ போதும். வாடகை சைக்கிள் கதை நிச்சயம் இருக்கட்டும், அதில் மனிதர் முழுசாகத் தெரிகிறார். வாயால் சொல்லும்போது சிரிக்க வைக்கிற கதை எழுத்தில் பாதி செத்துவிடும், குரல் இல்லை அல்லவா. ஆகவே அவர் சொன்னதற்கு முன்னால் அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள், வாடகை நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். அண்ணன் கேட்கும் போட்டோவும் தோற்றமும் மறைவும் முதல் பக்கத்தில் வரட்டும். அது அவருடைய பக்கம், அதில் கை வைக்காதீர்கள். அம்மாவுக்கு நடுப்பக்கம் இரண்டையும் விட்டு வையுங்கள், சொல்ல ஏதாவது இருந்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இல்லையென்றால் கடையின் படம் போதும்.

அப்பாவின் குரல் வாட்ஸ்அப்பில் இருந்தால் இன்றே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். போன் மாற்றும்போது இப்படித்தான் பலருக்குத் தொலைகிறது. நாளைக் காலை குரூப்பில் எதுவும் போட வேண்டாம். கோவையிலிருந்து சாத்தூருக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்கள் என்று அம்மாவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்