அறுந்த இழை

அன்புள்ள ஐயா,

நான் ஏற்காட்டை அடுத்த நாகலூரில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். மகள் சேலத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிவிடுகிறேன். இரவு 11 வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள். ஒவ்வொரு பாடத்தையும் ஐந்தாறு முறை படித்துவிட்டாள். அப்படியும் அரையாண்டுத் தேர்வில் உயிரியலில் மதிப்பெண் குறைந்துவிட்டது. "எல்லாம் படித்ததுதான் அப்பா, எழுதும்போது வரவில்லை" என்று அழுகிறாள். பஸ்ஸில் போகவர தினமும் மூன்று மணி நேரம் வீணாகிறது. மலைப்பாதையில் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்குக் குமட்டும். முன்பெல்லாம் எட்டாவது படிக்கும் தம்பியை உட்காரவைத்துத் தன் பாடங்களைக் கதைபோலச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவனுக்கு அது எதற்கு என்று நிறுத்திவிட்டேன். அவளை விடுதியில் சேர்க்கலாமா? காலையில் படிப்பது நல்லதா, இரவிலா? வல்லாரை கொடுத்தால் ஞாபகசக்தி கூடுமா?

ஒரு தந்தை, நாகலூர்

அன்புள்ள நண்பருக்கு,

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். அப்பா கால் இறக்கி உட்கார்ந்து நெய்த தறிக்குழியை மூடுவதற்கு மண் வந்து இறங்கிய அன்றுதான் உங்கள் கடிதமும் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துக் கொடுங்கள். தேர்வுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். காலையா இரவா என்பதும் பெரிய கேள்வி இல்லை. ஆனால் 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுகிற பெண் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று, தினமும் கணக்கு எழுதுகிற நீங்கள் கணக்குப் பார்த்தீர்களா? பகலில் படித்தது மனத்தில் ஊன்றுவதற்குத் தூக்கம் வேண்டும். நாளையிலிருந்து அவளை 4 மணிக்கு எழுப்பாதீர்கள். இதில் எனக்கு வேறு பேச்சே கிடையாது.

தம்பிக்குப் பாடம் சொல்வதை நிறுத்திவிட்டேன் என்ற வரியில் எனக்குக் கோபமே வந்தது. அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த உருப்படியான படிப்பு அது ஒன்றுதான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பயின்றால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, அதைப் பிறருக்குச் செவ்விதின் உரைக்கும்போதுதான் வரும். அந்த அரைப் பங்கை நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், தெரிகிறது. ஆனாலும் செய்தது தவறு.

அப்பா நெய்தது வெண்பட்டு வேட்டி. பள்ளி விட்டு வந்ததும் எனக்கு ராட்டையடியில் வேலை. வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை விரலிடுக்கில் பட்டிழை ஓடித் தார் என்ற சிறு குழலில் ஏறும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் தார் தொளதொளவென்று சுற்றிக்கொண்டு, பிறகு ஊடிழையைக் கொண்டு ஓடும் நாடாவுக்குள் சிக்கும். அதனால் புத்தகத்தைத் தொடக் கை ஒழியாது. அப்பா குழிக்குள் மிதியை மிதித்தபடியே கேட்பார்: "இன்றைக்கு என்ன நடத்தினார்கள்?" அவர் ஐந்தாவதோடு நின்றவர். சரிபார்க்க அவரிடம் எதுவும் இல்லை. புரியாவிட்டால் கேட்பார், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள், அங்கிருந்து நுரையீரல் என்று மடமடவென்று ஒப்பித்தேன். "இதயத்துக்கு வந்த ரத்தத்தை உடம்புக்கு அனுப்பாமல் நுரையீரலுக்கு எதற்கு அனுப்புகிறது?" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அந்தப் பாடத்தை மூன்று முறை படித்திருந்தேன். திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறேன் என்று எழுந்தேன். அப்பா தறியை நிறுத்தி, நீளவாக்கில் கட்டியிருந்த பாவு இழைகளைக் காட்டினார். "பாவில் ஓர் இழை அறுந்தால் பாவு முழுவதையும் அவிழ்த்தா கட்டுகிறோம்? அறுந்த முனையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறோம். அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வா." போய்ப் பார்த்தேன். கரியமில வாயுவை இறக்கிவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு வரத்தான் ரத்தம் அங்கே போகிறது. புத்தகத்தில் அது நான்கு வரி. வந்து சொன்னேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு மறுபடி நாடாவை வீசினார்.

உங்கள் மகள் ஐந்தாறு முறை படித்தாள் என்கிறீர்கள். ஒருமுறையாவது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாளா? எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் ஆறு முறை படித்தால், தெரிந்த இடமே ஆறு முறை தெரியும். கண் ஓடுகிறது, வரிகள் பழகிய முகம்போலத் தெரிகின்றன, 'தெரியும்' என்று தோன்றிவிடுகிறது. தேர்வறையில் அந்த வரிகள் முன்னால் இல்லை. அவள் அழுதது பொய்யில்லை நண்பரே. படித்ததும் உண்மை, வராததும் உண்மை.

2006இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஓர் உரைநடைப் பகுதியைத் திரும்பவும் படித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். மூன்று மணி நேரம் வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ராட்டை எப்படியோ அப்படித்தான் அவளுக்கு அந்த பஸ். புத்தகத்தைத் திறக்க முடியாது, நல்லதாகப் போயிற்று! காலையில் மலை இறங்கும்போது 20ஆவது கொண்டை ஊசி வளைவிலிருந்து முதல் வளைவு வருவதற்குள், முந்தின நாள் பாடத்தில் ஒன்றை மனத்துக்குள் முழுதாகச் சொல்லிப் பார்க்கட்டும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெஃப்ரான் என்றால், அதன் தொடக்கமான குளோமெருலஸில் தொடங்கிச் சேகரிப்பு நாளம் வரை போகட்டும். எங்கே நிற்கிறதோ அந்த ஒரு சொல்லை மட்டும் உள்ளங்கையில் குறித்துக்கொள்ளட்டும். பள்ளியில் இறங்கியதும் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். அதே பாடத்தை மூன்று நாள் கழித்து மாலையில் மலை ஏறும்போது மறுபடி எடுக்கட்டும். இடையில் கொஞ்சம் மறந்திருக்கும், மறக்கட்டும். 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்தவர். ஒரே நாளில் 68 முறை சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாட்களாகப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது.

முதல் வாரம் அவளுக்குச் சிரமமாகத்தான் இருக்கும். பாதிப் பாடம் வராது. எதுவுமே தெரியவில்லையே என்று பயப்படுவாள். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்து, "எங்கே அறுந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அதட்டாதீர்கள்.

விடுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அங்கே தம்பி இல்லை. இன்று மாலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு, அவனை அவளிடம் அனுப்புங்கள். புரியாததையெல்லாம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.