‘ஜெபித்துச் சொல்கிறோம்’

கேள்வி: என் மகளுக்கு வயது 32. அவள் கல்யாணத்துக்காக ஏழு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். வருடப்பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டைகளை எல்லாம் பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாலு வரன் வந்தது, ‘ஜெபித்துச் சொல்கிறோம்’ என்று சொல்லி அனுப்பினோம். ஒன்றும் கூடிவரவில்லை. ஆபிரகாம் 25 வருடம் காத்திருந்தாரே, எனக்கு மட்டும் ஏன் பொறுமை வரவில்லை? கர்த்தருடைய வேளை எப்போது வரும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, அந்த நாலு வீட்டாருக்கும் அப்புறம் என்ன சொன்னீர்கள்? கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், பதில் சொன்னதாக எங்கும் இல்லை. நம் சபைகளில் ‘ஜெபித்துச் சொல்கிறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணத் தரகருக்குக்கூடத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராதபோது ஆண்டவரை வாசலுக்கு அனுப்பிவைக்கிறோம். உங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனவர்கள் எத்தனை நாள் போனையே பார்த்துக்கொண்டு இருந்தார்களோ!

ஆபிரகாமை இழுத்தீர்கள். 75 வயதில் புறப்பட்டவர் 100 வயதில் ஈசாக்கைப் பெற்றார், சரி. அவர் மனைவி சாராள் பிள்ளை பெறுவது மனுஷர் கையில் இல்லாத காரியம், காத்திருக்கத்தான் வேண்டும். அதே ஆபிரகாம் மகனுக்குப் பெண் தேடியபோது என்ன செய்தார்? ஆதியாகமம் 24-ஐத் திறந்து பாருங்கள். ஊழியக்காரனைக் கூப்பிட்டார், அவன் பத்து ஒட்டகத்தோடு கிளம்பினான். கிணற்றண்டையில் அவன் ஜெபித்து முடிக்குமுன்னே ரெபெக்காள் குடத்தோடு வந்தாள். அவள் வீட்டில் சாப்பாடு வைத்தார்கள். வந்த விஷயத்தைச் சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றான். பெண் வீட்டாரும் அங்கேயே பதில் சொன்னார்கள். மறுநாள் காலையில்தான் அண்ணனும் தாயும் ‘பத்து நாளாவது இருக்கட்டும்’ என்று இழுத்தார்கள். (தாயும் என்பதைக் கவனியுங்கள்.) தடுக்காதீர்கள் என்றான் அவன். உடனே பெண்ணைக் கூப்பிட்டு, போகிறாயா என்று கேட்டார்கள். போகிறேன் என்றாள்.

உங்கள் முழுக் கடிதம் நாலு பக்கம், சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த நாலு பக்கத்திலும் உங்கள் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு அட்டை ஒட்டிய அந்தக் கண்ணாடியில்தானே அவள் தினமும் தலை வாருகிறாள்? மிச்சமிருக்கிற இடத்தில் முகம் தெரிகிறதா என்று போய்ப் பாருங்கள். நாலு வரனும் ஏன் வேண்டாம் என்றும் நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஊகிக்கத் தெரியும், ஆனால் ஊகிக்கப்போவதில்லை.

பிள்ளைக்கு நல்ல இடம் பார்ப்பது பெற்றவர் கடமை என்று நினைக்கிற பழைய ஆள் நான். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதற்குக் கர்த்தருடைய வேளை என்று பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்த வெள்ளிக்கிழமையும் உபவாசம் இருங்கள். சாயங்காலம் கஞ்சி குடிக்க உட்காரும்போது மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நாலு பேரில் யாரையாவது பிடித்திருந்ததா என்று கேளுங்கள். அழுதாலும் திட்டினாலும் குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் நாலு வீட்டுக்கும் போன் போடுங்கள். பையன்களுக்குக் கல்யாணம் முடிந்திருக்கலாம், பரவாயில்லை. ‘அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வையுங்கள்.