இன்ஜினை இறக்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1979 மாடல் மினி கார் இருக்கிறது. 998 சிசி இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நாலு பேர் ஏறினால் மேட்டில் திணறுகிறது, லேசாகப் புகையும் வருகிறது. இதே இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, 1275 சிசி இன்ஜினை மாட்டிவிடுவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் 998 புதிதாக இருந்தபோதே கொடுத்தது சுமார் 38 குதிரைத்திறன்தான். தேய்மானத்தில் அதிலும் கொஞ்சம் போயிருந்தால் மேட்டில் திணறாமல் என்ன செய்யும்? "இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் வரும் மினிகளில் பலவற்றுக்கு, போன சக்தியைத் திரும்பக் கொண்டுவந்தாலே போதுமாக இருக்கிறது.

முதலில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரின் 'திராட்டில்' என்ற காற்றுக் கதவு முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்து முக்கால்வாசி மட்டுமே திறக்கும் வண்டிகள் ஏராளம். அப்புறம் எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடுங்கள். நிதானமாக இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும். பாதியில் சிக்கினால் அங்கேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. வால்வு இடைவெளி, இன்ஜின் ஆறிய நிலையில், 12 தௌ, அதாவது ஆயிரத்தில் 12 அங்குலம். இக்னிஷன் டைமிங்கையும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், திராட்டில் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்தான். நீங்கள் புகையின் நிறத்தைச் சொல்லவில்லை. நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அதை கார்புரேட்டரிலேயே சரி செய்துவிடலாம்.

ரிங் தேய்ந்திருந்தால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். மினியில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியிலேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஆயில். அதனால் சேர்ந்துதான் வெளியே வரும். இறக்கிய பின் ரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். போரை மைக்ரோமீட்டரில் அளந்து, ஓவல் ஆகியிருந்தால் ரீபோர் செய்து (பெரிதாகக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள். கிராங்க் ஷாஃப்டையும் அளந்து பாருங்கள். கியர்பாக்ஸ் பேரிங், சின்க்ரோ எல்லாவற்றையும் அதே சமயத்தில் பார்த்துவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை இறக்குவது வீண் உழைப்பு. ஹெட் வேலைக்குப் போகும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்யப்பட்டது, இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை.

கூடுதல் சக்தி வேண்டுமானால் நல்ல மேனிஃபோல்டு, தாராளமான சைலன்சர், கார்புரேட்டருக்கு அதற்கேற்ற ஊசி. இந்த மூன்றும் சேர்ந்தால் நல்ல 998 நாற்பதுகளின் நடுவுக்கு வந்துவிடும். இன்னும் வேண்டுமென்றால் ஹெட்டைத்தான் பார்க்க வேண்டும். மினியின் வேக மாடலான 998 கூப்பரில் வந்த, 12ஜி295 என்ற எண் கொண்ட ஹெட் இதற்குப் பொருந்தும். அதன் எரிப்பு அறை பெரியது என்பதால் ஹெட்டைச் சீவினால்தான் கம்ப்ரஷன் நிற்கும். சிலர் 1275 ஹெட்டை அப்படியே 998 பிளாக்கில் உட்கார வைக்கச் சொல்வார்கள். எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் மோதும். பிளாக்கில் குழி வெட்டாமலோ வால்வை உள்ளே இறக்காமலோ அதைச் செய்யவே கூடாது.

சரி, 1275. அதுவும் இதே ஏ-சீரிஸ் குடும்பம்தான், அதே இடத்தில் உட்காரும். 998-ன் போர் (சிலிண்டர் விட்டம்) 64.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76.2. 1275-ல் அது 70.6, 81.3. கூடுதல் இழுவை அங்கிருந்துதான் வருகிறது, அதுவும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே. நாலு பேரோடு மேடு ஏறும் உங்களுக்கு இது பொருத்தம். 1964-ல் வந்த கூப்பர் எஸ் 1275-ல் 76 குதிரைத்திறன். ஆஸ்டின் மெட்ரோ காரிலிருந்து எடுத்த சாதாரண 1275 அறுபதை ஒட்டிக் கொடுக்கும். பழசாக வாங்கினால் அதற்கும் மேலே சொன்ன எல்லாப் பரிசோதனையும் உண்டு. தேய்ந்த 1275-ஐ விட நல்ல 998 எவ்வளவோ மேல்.

ஆனால் பிரேக்கை மாற்றாமல் 1275 மாட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது இறக்கத்தில்தான், அப்போது வண்டியில் உங்கள் வீட்டு ஆட்கள் இருப்பார்கள். பத்து அங்குலச் சக்கரமே வேண்டுமானால் கூப்பர் எஸ் பாணியில் 7.5 அங்குல டிஸ்க், பன்னிரண்டு அங்குலத்துக்கு மாறினால் 8.4 அங்குல டிஸ்க். முதலில் அதைப் போட்டு ஓட்டிப் பழகுங்கள், இன்ஜின் பிறகு வரட்டும். அப்புறம் ஃபைனல் டிரைவ், அதாவது கியர்பாக்ஸுக்குப் பிறகு சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல்சக்கர விகிதம். உங்களிடம் இருப்பது அநேகமாக 3.44. பெரிய இன்ஜினோடு 3.1 போட்டால் நெடுஞ்சாலையில் இரைச்சல் நன்றாகக் குறையும். வண்டிப் பதிவிலும் காப்பீட்டிலும் புது இன்ஜின் எண்ணை ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: மினியில் ஹோண்டா வி-டெக் இன்ஜின் போட்டால் என்ன?

பதில்: போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள், பறக்கும். இன்ஜினைத் தாங்கும் முன் சப்ஃபிரேமே மாறும். டிரைவ் ஷாஃப்ட், கூலிங், எரிபொருள் லைன், வயரிங் எல்லாம் புதிது. சில மாற்றங்களுக்கு முன்பக்கத் தகரத்தையே வெட்ட வேண்டியிருக்கும். அறுநூற்றுச் சொச்சம் கிலோ வண்டியில் பழைய சக்தியைப்போல் மூன்று நான்கு மடங்கை இறக்கும்போது சஸ்பென்ஷன், டயர், பிரேக் எதுவும் பழையபடி இருக்க முடியாது. நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் பாடியை இதற்காக வெட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏற்கெனவே துருவில் போன பாடி கிடைத்தால் அதில் செய்யுங்கள்.

கேள்வி: புதிதாக வேலை பார்த்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுங்கள், நடுநடுவே ஸ்டார்ட்டரை ஆறவிட்டு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் புதிதாகப் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கேமும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவது அந்த நேரத்தில்தான். ஐட்லிங்கில் அவற்றுக்குப் போதுமான ஆயில் தெறிக்காது. துத்தநாகம் சேர்ந்த 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி வையுங்கள்.