எச்ஓஏ இருக்கும் வீட்டை வாங்கலாமா? டெக்சஸ் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விலை, பள்ளிக்கூடம், வாசல் பார்த்த திசை எல்லாம் பிடித்துவிட்டது. ஆனால் எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருக்கிறது, சந்தா வருடத்துக்கு 900 டாலர். ஆபீஸில் ஒருவர், "எச்ஓஏ இருந்தால் அந்தப் பக்கமே போகாதே, புல் கொஞ்சம் வளர்ந்தாலும் லெட்டர் வரும், கடைசியில் வீட்டையே பிடுங்கிவிடுவார்கள்" என்கிறார். இன்னொரு நண்பர், "எச்ஓஏ இல்லாத இடத்தில் வாங்கிப் பார், பக்கத்து வீட்டுக்காரன் ஓடாத காரை வருஷக்கணக்கில் வாசலில் நிறுத்தி வைப்பான்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஃப்ரிஸ்கோ, ப்ராஸ்பர், செலைனா பக்கம் கொஞ்சம் புதிய வீடாகத் தேடுகிறவர் எச்ஓஏ வேண்டாம் என்று ஒதுக்கினால், பார்ப்பதற்கு வீடே அதிகம் மிஞ்சாது. புது மனைப்பிரிவு போடும்போதே மழைநீர்க் குளம், பூங்கா, நுழைவாயில் செடிகள், சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலையை நகராட்சி பில்டர் தலையில் கட்டிவிடுகிறது, அவர் அதை எச்ஓஏ தலையில் கட்டிவிட்டு அடுத்த மனைப்பிரிவுக்குக் கிளம்பிவிடுகிறார். மாநில வருமான வரி இல்லையே என்று சந்தோஷப்பட்டு டெக்சஸுக்கு வந்து, வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தைத் தொடும் சொத்து வரியும் கட்டிவிட்டு, இதற்குத் தனியாக ஒரு பணமா என்று எரிச்சல் வருவது நியாயம்தான். அந்த 900 டாலருக்கு நீச்சல் குளமும் நடைபாதையும் கிடைத்து, குழந்தைகளும் அதைப் பயன்படுத்தினால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் ஃபிளாட் அசோசியேஷனுக்கு மெயின்டனன்ஸ் கட்டாமலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே அது நடக்காது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் தானாகவே உறுப்பினராகிவிடுகிறீர்கள், விலகவும் முடியாது, கட்டாத பாக்கி வீட்டின் மீதே கடனாக ஏறும். வீட்டை விற்கும்போது அந்தப் பாக்கியைத் தீர்க்காமல் க்ளோசிங் (வீட்டைக் கைமாற்றும் கடைசிக் கட்டம்) நடக்காது.

வீட்டைப் பிடுங்குவார்கள் என்று உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2008-ல் இதே ஃப்ரிஸ்கோவில், ஒரு ராணுவ அதிகாரி ஈராக்கில் இருந்த சமயம், கடன் முழுதும் அடைந்த வீட்டை சில நூறு டாலர் எச்ஓஏ பாக்கிக்காக ஏலத்தில் விட்டுவிட்டார்கள். லெட்டர்கள் வந்துகொண்டே இருந்தன, மன உளைச்சலில் இருந்த மனைவி தபாலைப் பிரிக்கவே இல்லை. பிறகு வழக்குப் போட்டு வீட்டைத் திரும்ப வாங்கினார்கள். இப்போது சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2012-லிருந்து நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எச்ஓஏ பொதுவாக ஏலம் விட முடியாது. அதற்கு முன்பிருந்தே வெறும் அபராதத் தொகைக்காக ஏலம் விடவே முடியாது, ஏலம் போன பிறகும் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ள 180 நாள் அவகாசம் உண்டு. ஆக, நீங்கள் பயப்பட வேண்டியது கட்டாமல் விட்ட சந்தாவுக்கும் பிரிக்காமல் விட்ட தபாலுக்கும்தான், வளர்ந்த புல்லுக்கு அல்ல. பெரும்பாலும் மார்ட்கேஜ் கம்பெனி உங்கள் எஸ்க்ரோவிலிருந்து (வரி, இன்ஷூரன்ஸுக்கென்று உங்களிடம் வாங்கி வைக்கும் கணக்கு) எச்ஓஏ சந்தாவைக் கட்டாது என்பதையும் கவனியுங்கள். வரி, இன்ஷூரன்ஸ் மாதிரி இதுவும் தானாகப் போய்விடும் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

சரி, இப்போது உருப்படியான வேலை. ஒப்பந்தம் போடும்போது எச்ஓஏவுக்கென்று தனியாக ஒரு இணைப்புப் படிவம் சேர்க்க வேண்டும். ரியல்டர் அவசரத்தில் 'காகிதம் வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். ரீசேல் சர்டிஃபிகேட்டும் (எச்ஓஏ தன் கணக்கையும் இந்த வீட்டின் நிலவரத்தையும் எழுதித் தரும் சான்று) விதிமுறைப் பத்திரமும் வேண்டும் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அவை கைக்கு வந்து 3 நாளுக்குள் (க்ளோசிங் அதற்கு முன்பே வந்துவிட்டால் அதுவரை) பிடிக்கவில்லை என்று சொல்லி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், முன்பணமாகக் கட்டிய எர்னஸ்ட் மணியும் திரும்பி வரும். அந்த சர்டிஃபிகேட்டுக்கு 375 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2021-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதை யார் கட்டுவது என்பது உங்கள் பேரத்தைப் பொறுத்தது.

சர்டிஃபிகேட் வந்ததும் எல்லோரும் சந்தா எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ரிசர்வ், அதாவது பெரிய பழுதுகளுக்காக எச்ஓஏ சேர்த்து வைத்திருக்கும் பணம், என்று போட்டிருக்கும் வரிக்குப் போங்கள். உதாரணத்துக்கு, 400 வீடுகள், 20 வருஷம் பழசான நீச்சல் குளம், ஒரு மைல் நீளத்துக்கு மரவேலி. ரிசர்வில் இருப்பது 40,000 டாலர். வேலி விழுந்தால் அந்தப் பணம் எந்த மூலைக்குக் காணும்? மீதியை வீட்டுக்கு இவ்வளவு என்று ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போட்டு வாங்குவார்கள். பத்து வருஷமாகச் சந்தாவை ஏற்றவே இல்லை என்று எச்ஓஏவை நடத்தும் ஒரு போர்டு பெருமையாகச் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அப்புறம், எச்ஓஏ மீது வழக்கு ஏதாவது நடக்கிறதா, இந்த வீட்டின் மீது ஏற்கெனவே விதிமீறல் இருக்கிறதா என்பதும் அதிலேயே இருக்கும். பழைய ஓனர் அனுமதி வாங்காமல் பேக்யார்டில் பெர்கோலா போட்டிருந்தால், க்ளோசிங்குக்கு மறுநாள் அது உங்கள் தலைவலி. விற்பவரே சரி செய்து கொடுக்கட்டும் என்று அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ரிசர்வ் தெம்பாக இருந்து விதிமுறைப் பத்திரத்தில் உங்களுக்கு ஒத்துவராத விஷயம் எதுவும் இல்லை என்றால் வாங்கலாம். பட்டறை வேன் நிறுத்த வேண்டும், வீட்டு முன்னால் முருங்கையும் வெண்டையும் போட வேண்டும் என்றால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது என்று ஒரு லெட்டர், கூடவே போட்டோ. அடுத்த வாரம் இன்னொன்று, வாசலில் வைத்திருக்கும் சின்னப் பிள்ளையார் சிலையை எடுக்கச் சொல்லி. பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் விளக்கு மார்ச் வரை தொங்கியது, அதற்கு ஒன்றும் இல்லை. எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: தொட்டியை உள்ளே வையுங்கள், அதில் சண்டை வேண்டாம். எச்ஓஏ வேலைக்கு வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் கம்பெனி ஆள் காரில் மெதுவாகப் போய்க்கொண்டே போட்டோ எடுப்பார், கதவைத் தட்டிக் கேட்க மாட்டார். தொட்டி நிஜமாகவே வெளியே இருந்தது என்றால் அதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை.

பிள்ளையார் விஷயம் வேறு. 2021-லிருந்து டெக்சஸில் சொந்த மனையில் மத நம்பிக்கை சார்ந்த பொருளை வைப்பதை எச்ஓஏ தடுக்க முடியாது. பொது இடத்தில் வைக்கக் கூடாது, மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியைத் தாண்டக் கூடாது, ஆபத்தாகவோ அருவருப்பாகவோ இருக்கக் கூடாது என்று சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் வாசற்படிப் பிள்ளையார் அதில் எதிலும் வர மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. டெக்சஸ் சொத்துச் சட்டம் பிரிவு 202.018 என்று குறிப்பிட்டு, கோபப்படாமல் நாலே வரியில் ஈமெயில் அனுப்புங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், அபராதம் போடும் முன் அவர்கள் சர்டிஃபைட் மெயிலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், சரி செய்யக்கூடிய தவறு என்றால் நியாயமான அவகாசம் தர வேண்டும். அந்த நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்டு முன் விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேட்டால், அவர்கள் காட்டப்போகும் போட்டோ, காகிதம் எல்லாவற்றையும் விசாரணைக்கு 10 நாள் முன்பே உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆறு மாதத்துக்குள் அதே தவறு திரும்ப நடந்தால் இரண்டாவது முறை அந்த அவகாசம் கிடைக்காது. அதனால்தான் தொட்டியை முதலில் உள்ளே வைக்கச் சொன்னேன்.

அப்புறம் அந்த மார்ச் மாத விளக்கை போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா? ஒரே விதியை ஒருவர் மீது மட்டும் பாய்ச்சுகிறார்கள் என்று காட்ட அது உதவும். எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கோத்துவிட்டு அதே தெருவில் காலம் தள்ளுவது கஷ்டம்.

கேள்வி: தனி வீடு கட்டுப்படியாகவில்லை. இர்விங்கில் டவுன்ஹோம், எச்ஓஏ மாதம் 380 டாலர். கூரை, வெளிச்சுவர், புல்வெளி எல்லாம் அவர்கள் பொறுப்பாம். நல்ல டீல்தானே?

பதில்: கூரையை அவர்கள் பார்த்துக்கொள்வது பெரிய விஷயம்தான், டாலஸில் ஒரு ஆலங்கட்டி மழை போதும் கூரையைக் காலி பண்ண. ஆனால் எச்ஓஏவின் மாஸ்டர் பாலிசியில் (எல்லாக் கட்டடங்களுக்கும் சேர்த்து எடுத்த இன்ஷூரன்ஸ்) டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் வரும் முன் நாமே ஏற்க வேண்டிய தொகை, எவ்வளவு என்று கேளுங்கள். காற்று, ஆலங்கட்டிக்கு அது காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். 1 கோடி டாலர் கட்டடங்களுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 2 லட்சம் டாலர் உங்கள் எல்லோர் பாக்கெட்டிலிருந்தும்தான். உங்கள் சொந்தப் பாலிசியில் இப்படி உங்கள் தலையில் விழும் பங்குக்கு உதவும் லாஸ் அசெஸ்மென்ட் கவரேஜ் என்று ஒன்று இருக்கும், பல பாலிசிகளில் அது வெறும் 1,000 டாலரில் நிற்கும், கொஞ்சம் பிரீமியம் சேர்த்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பார்க்க டவுன்ஹோமாக இருந்தாலும் பத்திரத்தில் காண்டோ (நம்மூர் ஃபிளாட் மாதிரி) என்று பதிவாகியிருக்கலாம். அப்படியென்றால் மேலே சொன்ன பாதுகாப்புகளில் பல உங்களுக்குப் பொருந்தாது, காண்டோவுக்குத் தனிச் சட்டம். ரிசர்வையும் அங்கே இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். 2021 ஜூனில் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் இடிந்து விழுந்து 98 பேரைப் பலிகொண்ட காண்டோ கட்டடத்தில், கான்கிரீட் கெட்டுப்போனது 2018-லேயே போர்டுக்குத் தெரியும், செலவுக்குப் பணம் திரட்டுவதில் இழுபறியாகவே நாள் போயிற்று. மாதம் 380 என்பது கூடுதலா குறைவா என்பதே அந்தப் பணத்தில் எவ்வளவு ரிசர்வுக்குப் போகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். நாளைக்கே ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் வீட்டை வாடகைக்கு விட எச்ஓஏ தடை போடுமா?

பதில்: போடலாம். வாங்கி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ நீங்களே குடியிருக்க வேண்டும், மொத்த வீடுகளில் இத்தனை சதவீதம்தான் வாடகைக்குப் போகலாம், ஆறு மாதத்துக்குக் குறைவாக விடக் கூடாது என்றெல்லாம் விதிமுறைப் பத்திரத்தில் இருக்கும். உங்கள் நிலைமையில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். இப்போது இல்லாவிட்டாலும் பிறகு சேர்க்கலாம், பொதுவாக அதற்கு மொத்த ஓட்டில் 67 சதவீதம் வேண்டும். குடிவருகிறவரின் கிரெடிட் ரிப்போர்ட்டைக் கேட்கவோ அவரை வேண்டாம் என்று சொல்லவோ எச்ஓஏவுக்கு உரிமை இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போனால் தபால் முகவரியை எழுத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வாடகைக்கு இருப்பவர் உங்கள் லெட்டரைப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார் என்று நம்ப வேண்டாம்.